ரேங்க் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமூக ஊடக மார்க்கெட்டிங்கைச் சிமுலேஷன் மென்பொருள், அதாவது நிஜ வியாபாரம்போலவே திரையில் நடத்திப் பார்க்கும் மென்பொருள், வைத்துக் கற்றுத்தரும் கல்லூரிகள் இருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் கடைசிச் சுற்றில் யார் முதலிடம் என்று பார்த்து இன்டர்னல் மார்க் போடுவதால், மாணவர் கற்க வேண்டியது கை நழுவிப் போகிறது.

இந்த மென்பொருள்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. கற்பனைக் கம்பெனி ஒன்று இருக்கும். அமெரிக்காவின் ஸ்டுகென்ட் நிறுவனம் தரும் மிமிக் சோஷியலில் அது புஹி என்ற பை கம்பெனி. மாணவர்தான் அதன் சமூக ஊடகப் பொறுப்பாளர். எந்தத் தளம், என்ன படம், என்ன வாசகம், எத்தனை மணிக்கு, யாருக்கு, எவ்வளவு பணம் என்று முடிவுசெய்து பொத்தானை அழுத்தினால், ஒரு வாரம் ஓடி முடிந்ததாகக் கணக்கு வந்து நிற்கும். அதுதான் ஒரு சுற்று. அதைப் பார்த்து அடுத்த வாரத்தை அமைக்க வேண்டும்.

முதல் சுற்றில் விற்பனை படுத்துவிட்டால் மாணவர்கள் படம், நேரம், வயது வரம்பு, பட்ஜெட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறார்கள். அடுத்த சுற்றில் விற்பனை ஏறுகிறது. எது ஏற்றியது என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம்தான் என்று விதி வைக்க வேண்டும். பொத்தானை அழுத்துமுன், என்ன நடக்கும் என்று மாணவர் எதிர்பார்க்கிறார் என்பதை எண்ணோடு நோட்டில் எழுதவைக்க வேண்டும். பார்த்தவர்களில் 2 விழுக்காட்டினர் கிளிக் செய்வார்கள் என்று எழுதி, வந்தது 0.6 என்றால், ஏன் என்று அவர் எழுதும் அரைப் பக்கத்துக்குத்தான் மதிப்பெண்.

ரேங்கை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மென்பொருளுக்குள்ளே இருப்பது முன்கூட்டியே எழுதிவைத்த சூத்திரம்: இந்த வயதினருக்கு, இந்தத் தளத்தில், இந்த மாதிரிப் படம் என்றால் இவ்வளவு பலன். போன பேட்ச் கண்டுபிடித்த நேரமும் ஹேஷ்டேக்கும் வாட்ஸ்அப் குழு வழியாக இந்த பேட்சுக்கு வந்துவிடும். மார்க்கெட்டிங் தெரியாமலே முதலிடம் வாங்கலாம்.

திரையில் பெரிதாகத் தெரியும் எண்களும் ஏமாற்றும். ஒரு கணக்கு: செலவு 5,000 ரூபாய். விளம்பரம் 1 லட்சம் முறை காட்டப்படுகிறது. 1 விழுக்காடு கிளிக் என்றால் 1,000 கிளிக், ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய். அதில் 2 விழுக்காட்டினர் வாங்கினால் 20 ஆர்டர். பை ஒன்று 800 ரூபாய் என்றால் வரவு 16,000. போட்ட பணம் 3.2 மடங்காகத் திரும்பியது என்று திரை பச்சை காட்டும். ஆனால் ஒரு பையில் நிற்கும் லாபம் 200 ரூபாய்தான் என்றால் 20 பைக்கு 4,000. விளம்பரத்துக்குப் போனது 5,000. ஆயிரம் ரூபாய் நஷ்டம்! மளிகைக் கடை அண்ணாச்சி நொடியில் சொல்லிவிடும் இதை எம்.பி.ஏ. மாணவர் தவறவிடுவது லாப விகிதம் என்ற கட்டம் அவருடைய கணக்குத் தாளிலேயே இல்லாததால்தான்.

சிமுலேஷனில் படியும் ஒரு பழக்கம் நிஜத்தில் கையைச் சுடும். அங்கே ஒரு வாரம் என்பது ஒரு கிளிக். அந்த வேகத்திலேயே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தினமும் திருத்துகிறார்கள். யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று விளம்பர அமைப்பு பழகிக்கொள்ளும் காலத்துக்குக் கற்றல் கட்டம் என்று பெயர். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு, ஆர்டர், செய்தி என்று நாம் இலக்காக வைத்த பலன் வாரத்தில் சுமார் 50 கிடைத்தால்தான் அது முடியும் என்பது, இரண்டு தளங்களையும் நடத்தும் மெட்டா தரும் கணக்கு. நடுவில் பெரிதாக எதையாவது மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. பத்து கிளிக் வந்த ஒரு விளம்பரத்தில் ஒரு ஆர்டர், மற்றதில் பூஜ்யம் என்பதற்காக முதலாவதே சிறந்தது என்று முடிவுகட்டுவதும் இதே அவசரம்தான்.

நம் ஊர்ச் சிறு கடைகளின் விற்பனை சிமுலேஷன் காட்டுவதுபோல இணையதளத்தில் முடிவதில்லை. சென்னிமலை பெட்ஷீட் விற்பவருக்கு ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், பணம் யுபிஐயில் வரும். விளம்பரக் கணக்கில் அந்த விற்பனை தானாக ஏறாது. இதற்கு எளிய வழி உண்டு. விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் வாட்ஸ்அப் செய்தியில் முன்கூட்டியே ஒரு வாசகம் வைக்கலாம். ஒரு விளம்பரத்துக்கு “நீலம் விலை என்ன?”, இன்னொன்றுக்கு “கோடு போட்டது விலை என்ன?”. எந்த விளம்பரம் ஆளைக் கூட்டிவந்தது என்பதைக் கடைக்காரரே நோட்டில் கோடு போட்டு எண்ணிவிடலாம்.

சிமுலேஷன் சொல்லித்தராமல் விடக்கூடிய விதி ஒன்றும் உண்டு. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு, நிறையப் பேர் பின்தொடரும் இன்ஃப்ளூயன்சர் போடும் பதிவில், அது விளம்பரம் என்று தெரியும்படி குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இலேயே இதற்கு நெறிமுறை வகுத்துவிட்டது. வெளிநாட்டு மென்பொருளை மட்டும் நம்பினால் இது மாணவர் காதில் விழாமலே போகலாம்.

ஆறு சுற்று சிமுலேஷன் முடிந்தபின், ஏழு நாளைக்கு நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் வீதம் பக்கத்துக் கடை ஒன்றுக்கு நிஜ விளம்பரம் போடவைக்கலாம். 1,400 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 252, மொத்தம் 1,652. இந்தத் தொகைக்கு, கற்றல் கட்டம் கேட்கும் 50 ஆர்டரை எதிர்பார்க்க முடியாது. ஆகவே செய்தி அனுப்பியவர்களின் எண்ணிக்கையையே இலக்காக வைக்க வேண்டும். தொடங்குமுன், வாட்ஸ்அப்பில் வரும் கேள்விக்கு யார், எத்தனை மணிக்குள் பதில் சொல்வார் என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் வேறு கடை பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
மார்க்கெட்டிங் பாடம் நடத்தும் ஆசிரியர்கள்,
கோவை.