தேன் உனக்கு மட்டும்

பாம்பன்,
மார்கழி 5

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து எழுதிய வரி இது. இன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்து எழுதுகிறேன். நீ பேசி இருபது நாள் ஆகிறது. "நல்லா இருக்கோம், வேலையா இருக்கேன்" என்று மெசேஜ் வருகிறது. அதுவும் அப்பா போனுக்குத்தான் வருகிறது. சரி, கைக்குழந்தைக்காரி, உனக்கு நேரம் இருக்காது.

பக்கத்து வீட்டுப் பையன் போட் மெயிலில் வருகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பி வாங்கிக்கொள். நெத்திலிக் கருவாடு, கருப்பட்டி, பாசிப்பயறு அரைத்த மாவு, அப்புறம் ஒரு தேன் பாட்டில். தேன் உனக்கு மட்டும். மறுபடியும் சொல்கிறேன், உனக்கு மட்டும்.

தேன் சாயல்குடி மாமா கொடுத்தது. கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டப் போன இடத்தில் கொம்புத்தேன் கிடைத்திருக்கிறது. உனக்குத்தான் தெரியுமே, கொம்பைச் சுற்றிக் கொழுத்திருக்கிற தலைப்பக்கத்தில்தான் தேன். கீழே தொங்குவதெல்லாம் புழு. தலையை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வருவான். நாலைந்து கூடு எடுத்தால்தான் ஒரு பாட்டில் சேரும். ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டு விட்டு, "பாரு அக்கா, கரையாம அடியில போயி நிக்குது" என்று எனக்கே வித்தை காட்டினான். கெட்டியான சர்க்கரைப்பாகும் அப்படித்தான்டா நிற்கும் என்றேன். கோபித்துக்கொண்டு டீ குடிக்காமல் போய்விட்டான். அவன் கையால் எடுத்தது என்பதால் வாங்கினேன், தண்ணீர்ச் சோதனையை நம்பி வாங்கவில்லை.

கொம்புத்தேன் கடைத்தேனை விட நீர்த்துத்தான் இருக்கும். வைத்திருந்தால் புளிக்கும், நுரைக்கும். மூடியை இறுக்கித் திருகி வைக்காதே. கள் வாசம் அடித்தால் தூக்கிப் போட்டுவிடு.

இதை எதற்கு அனுப்புகிறேன் என்றால், நீ ஸ்டேட்டஸில் வைத்த போட்டோவை அப்பா காட்டினார். பேரன் வாயைத் திறந்து சிரிக்கிறான், கீழே பல் முளைத்திருக்கிறது. அதை எங்களிடம் சொல்லவில்லை நீ. அவனுக்குப் பின்னால் உன் முகம் பாதி தெரிகிறது. உதடு வெடித்திருக்கிறது, தோலெல்லாம் வறண்டு கிடக்கிறது. பிள்ளை பெற்றவள் முகமா அது! ராத்திரி தூங்குகிறாயா இல்லையா?

முகத்துக்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார். அரிக்காவிட்டால் முகத்துக்குப் போடு. முகத்தை நன்றாக நனைத்துக்கொண்டு, ஈரத்தின் மேலேயே மெல்லிசாகத் தடவ வேண்டும். தேனுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற குணம். வறண்ட முகத்தில் தடவினால் சும்மா இழுத்துப் பிடிக்கும். பத்து நிமிஷம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசுபிசுப்பு கொஞ்சமும் இல்லாமல் கழுவு. அப்புறம் துளி தேங்காயெண்ணெய். பயத்தமாவோடு குழைத்தும் போடலாம், ஆனால் தேய்க்காதே, உனக்குத் தோல் மெலிசு. ராத்திரி உதட்டுக்கு நெய்யும் தேனும் சமமாகக் குழைத்து வை. குதிகாலுக்கு, வெந்நீரில் காலை ஊற வைத்து, பீர்க்கங்கூட்டால் தேய்த்துவிட்டு, நல்லெண்ணெயில் ரெண்டு சொட்டுத் தேன் விட்டுத் தடவி, பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு படு. பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு.

கன்னத்தில் இருக்கிறது மங்கு. மாசமாக இருந்தபோது வந்தது. தேனுக்கு அது போகாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகத்தான் மங்கும், வெயில் படாமல் பார்த்துக்கொள். தேன் போட்டால் நிறம் மாறும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. நம் வீட்டில் எல்லோரும் கருப்பட்டி நிறம், அதற்கென்ன இப்போது? எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் உன் முகத்தில் எலுமிச்சையும் தேனும் தடவி, அந்த முகத்தோடேயே நெத்திலி காயப் போட அனுப்பினேனே, மூன்று மாசம் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். வெயில் காலத்துச் சூடு என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். என் கைவேலைதான் அது.

நீ வாங்குகிற க்ரீமைக் குறை சொல்லவில்லை. நாங்கள் கடலில் எடுக்கிற கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஒரு பொருள் பிரிக்கிறார்களாம், க்ரீம், பேஸ்ட் எல்லாம் நீர்த்துப் போகாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்களாம். அப்படியானால் உன் க்ரீமில் என் உழைப்பும் கொஞ்சம் இருக்கலாம். பாசி எடுத்துத்தான் உன்னை டிகிரி வரை படிக்க வைத்தேன். குத்திக்காட்டவில்லை, சொல்கிறேன்.

இப்போது வாடைக்காற்று. வடகடல் கொந்தளிக்கிறது, தென்கடல் பரவாயில்லை. போன அமாவாசைக்குப் பாசிக்குப் போனபோது மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குகையில் பாறை வலது ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. சுற்றியிருந்த துணியோடு சேர்த்துக் கிழித்தது. நல்ல தண்ணீரில் கழுவி, தேன் வைத்துக் கட்டினேன். நீ திட்டுவாய் என்று ஊசியும் போட்டுக்கொண்டேன். ஆறிவிட்டது. எழுதும்போதுதான் பேனா அந்த இடத்தில் உறுத்துகிறது, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை 280. டீயில் சீனி நிறுத்தியாகிவிட்டது என்று பெருமை பேசுகிறார், பார்த்தால் அரிசிப்பானைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்த தேனை ஊற்றிக்கொண்டிருக்கிறார். "தேன் மருந்துதானே!" என்கிறார். தேனும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்று நீ ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் எடுபடாது.

உனக்கு இருமல் இருந்தால் இஞ்சிச்சாற்றில் ஒரு ஸ்பூன் தேன் குழைத்துக் குடி. உனக்கு. பேரனுக்கு இருமல் வந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. போன தடவை போனில் கஞ்சியில் ஒரு சொட்டு விடு என்று நான் சொன்னதை மறந்துவிடு. "ஒரு வயசு வரைக்கும் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது" என்று நீ கத்தினாய், அதோடு போனை வைத்தவள்தான். நீ சொன்னது சரி. இன்னொன்று, கூச்சப்படாமல் கேள். பல் முளைத்துவிட்டான், மார்க்காம்பில் கடித்துப் புண்ணாக்குவான். அந்தக் காலத்தில் அதற்கும் தேன் தடவச் சொல்வோம். தடவாதே. உன் பாலையே துளி எடுத்துத் தடவி, காற்றாட விடு. தேன் அவன் வாய்க்குள் போகிற எந்த வழியும் வேண்டாம்.

என்ன, அம்மாவா இப்படி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன வாரம் கோடி வீட்டுப் பெண்ணோடு துணைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போனேன், அவளுக்கு இது எட்டாம் மாசம். அங்கே நர்சம்மா பிள்ளைக்கு நாக்கில் எதுவும் வைக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். சுத்தமான தேன்கூடவா என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். மண்ணில் இருக்கிற ஒரு கிருமி, விதை மாதிரி தூங்கிக்கொண்டு தேனுக்குள் கிடக்குமாம். எல்லாத் தேனிலும் இருக்காது. எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அடுப்பில் வைத்துக் காய்ச்சினாலும் சாகாது. நம் வயிற்றில் அது முளைக்காது. பச்சைப்பிள்ளைக் குடலில் முளைத்து விஷம் கக்குமாம். முதலில் மலம் கட்டும். அப்புறம் அழுகை ஈனமாகும், பால் சப்பப் பலம் இருக்காது, இமை தொங்கும், கழுத்து நிற்காது, மூச்சுக்கே கஷ்டம் வரலாம். எப்போதாவது ஒரு பிள்ளைக்குத்தான் வருமாம். வைத்த மறுநாளே தெரியும் என்றும் இல்லை, ஒரு மாசம் கழித்துக்கூட வருமாம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோடி வீட்டுப் பெண் என்னைப் பார்த்து, "என்னத்தே, வேர்க்குது உங்களுக்கு" என்றாள்.

தாயி, நான் வைத்தேன்.

அவன் பிறந்த மறுநாள் ராத்திரி. மீன்பிடித் தடைக்காலம், அப்பா ஊரில் சும்மா இருந்தார், ஆஸ்பத்திரியில் நான் மட்டும்தான் உன்னோடு. சாயந்தரம் நீ சொன்னாய், டாக்டர் எதுவும் வைக்கக் கூடாது என்கிறார் என்று. உனக்கு நான் வைத்த தேன்தானே, நீ என்ன செத்தா போனாய் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா வருகிறார், தேனைத் தொட்டுச் சேனை வைக்க மோதிரம் கொண்டுவருகிறார் என்று எனக்குத் தெரியும். பிள்ளை நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைத்தவர் குணம்தான் அதற்கு வரும் என்பார்களே. அவன் நம் வீட்டுப் பிள்ளையாக வரட்டும், அந்த வீட்டு மாதிரி எண்ணிப் பேசுகிற பிள்ளையாக ஆகக் கூடாது என்று நினைத்தேன். வேறு எந்த நல்ல காரணமும் இல்லை. வேண்டுதல், ஐதீகம் என்று இப்போது எதையாவது எழுதலாம், ஆனால் பொய்.

கண்ணுக்கு விடுகிற சொட்டுமருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி, அதில் தேன் ஊற்றி, மாற்றுச்சேலை மடிப்பில் வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து பாத்ரூம் போனாள். என் கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாறை கிழித்து, உப்பில் ஊறி, தழும்பாகவே இருந்தன. சுண்டுவிரல் ஒன்றுதான் அந்தப் பூ நாக்கில் வைக்கிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு சொட்டு. அவன் கண்ணைத் திறக்காமலேயே விரலைப் பிடித்துக்கொண்டான். அந்த நாக்கு என் விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்த வேகம்! எடுக்கவே விடவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. அதையும் சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலையில் நீ அவன் வாயைத் துடைத்துவிட்டு, "என்னம்மா பிசுபிசுன்னு இருக்கு" என்றாய். கக்கியிருப்பான் என்றேன்.

பத்து மணிக்குச் சம்பந்தியம்மா வந்தார். டாக்டர் சொன்னதை நீ சொன்னாய். "டாக்டர் வேணாம்னா வேணாம்மா" என்று மோதிரத்தைத் திரும்பப் பர்ஸில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு பேச்சுப் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அந்தக் காப்பி டம்ளர் ஒரு வாரமாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மூன்றாம் வாரம் அவன் ரெண்டு நாள் வெளிக்குப் போகவில்லை, ஞாபகம் இருக்கிறதா? தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் சகஜம் என்று நான்தான் தைரியம் சொன்னேன். சகஜம்தான், அப்புறம் சரியாகவும் போய்விட்டது. இப்போது நாள் எண்ணிப் பார்க்கிறேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அன்று ராத்திரி நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். தூங்கிக்கொண்டுதான் இருந்தாயா? உனக்குத் தெரிந்து, அதை இத்தனை மாசமும் மனதில் வைத்துக்கொண்டுதான் போனை எடுக்காமல் இருக்கிறாயா? தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொண்டாய். திட்ட வேண்டும் போல் இருந்தால் என் போனுக்குக் கூப்பிட்டுத் திட்டு. அப்பா போனுக்குக் கூப்பிடாதே, அவருக்கு இது தெரியாது.

2022 டிசம்பரில் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து மண்டபத்தில் இறங்கி பஸ் மாறி வந்துகொண்டிருந்தீர்கள். புதுப்பாலம் திறந்த பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் நிற்கிறது. பேரனுக்கு ஜன்னலில் கடலைக் காட்டிக்கொண்டு பொங்கலுக்கு வரலாம். வர முடியாவிட்டால் நான் வருகிறேன். தூக்கக் கொடுக்க மாட்டாய் என்றாலும் வருகிறேன், உனக்குச் சமைத்தாவது போடலாம்.

சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல்லாதே. இல்லை, சொல்ல வேண்டும் என்று உனக்குப் பட்டால் சொல்.

ரயிலில் குலுங்கி வருகிற பாட்டில், திறக்கும்போது பொங்கும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு மெதுவாகத் திற. எடுத்துவிட்டு மேல் அலமாரியில் வை, அவன் தவழ ஆரம்பித்திருப்பான். கருவாட்டுப் பையைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், வாசம் மாவில் ஏறாது.

இப்படிக்கு,
அம்மா