தூக்குவாளியைத் திருப்பித் தர வருகிறேன்

மதுரை செல்லூர்த் தெருக்காரர்களுக்கும், வைகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் வணக்கம்.

2022 ஆவணியில் இரண்டு அடுப்போடு ஆரம்பித்த நம் பத்தியச் சமையலுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நாற்பது நாளைக்கு மதியச் சாப்பாடும், தாய்க்குக் கொடுக்கிற நாட்டு மருந்தான பிள்ளைமருந்தும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அன்றைக்கு மூன்று வீடு, இன்றைக்கு இருபத்தைந்து வீடு. உங்களில் ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்ல வந்தேன்; வந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என் மகள் பிறந்தபோது எனக்கு அம்மா இல்லை. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்கள். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வர முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு காலையில் வாங்கிய கடை இட்லியை மத்தியானம் மூன்று மணிக்குத் தின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் பெரியம்மா எவர்சில்வர் தூக்குவாளியோடு உள்ளே வந்தார்கள். மூடியில் அவர்கள் அம்மா பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினார்கள். “ஆத்தா, சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு. இவள நான் பார்த்துக்கிறேன்” என்றார்கள்.

உள்ளே பூண்டுக் குழம்பு. உரித்த மலைப்பூண்டை நல்லெண்ணெயில் நிறம் மாறுகிற வரைக்கும் வதக்கி, மிளகு தூக்கலாக, புளி பேருக்குப் போட்டு, நாக்கில் வைத்தால் கரைகிற அளவுக்கு வேகவிட்டது. இரண்டு கையாலும் சாப்பிட்ட மாதிரி ஒரு திருப்தி. நாற்பது நாளும் அந்த வாளி வந்தது, ஒரு நாள் கூடத் தவறவில்லை. நாங்கள் இன்று வீடு வீடாகக் கொடுப்பது அந்தக் குழம்பைத்தான். அதோடு சேர்த்து, சாப்பாடு கொண்டுபோகிறவர் தாய் சாப்பிட்டு முடிக்கும் வரை பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் முதல் நாளிலிருந்தே வழக்கமாக வைத்திருக்கிறோம். சிலர் சாப்பாட்டை விட அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் பணம் கொடுக்கிறோம் என்கிறார்கள்.

மூன்றாம் மாதம் கடை வேலைக்குத் திரும்பினேன். முப்பது பேர் வேலை பார்க்கிற கடை. சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எனக்கு அது அப்போது தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகி, சரக்கு அறையில் உட்கார்ந்து அழுத நாள்கள் உண்டு. வேலையை விட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இஷ்டமில்லை. அந்த அறைக் கதவுக்கு வெளியே யாரும் வராமல் காவல் நின்ற பில்லிங் தங்கச்சிக்கு மட்டும் என் நன்றி. அவள் இப்போது எங்களுடன் கணக்குப் பார்க்கிறாள்.

நகர்ப்புற சுகாதார நிலைய நர்ஸ் அக்காவுக்குப் பெரிய நன்றி. நாங்கள் சமைக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் தானாக வந்து பட்டியலை வாங்கிப் பார்த்தார். பூண்டு, கருவாடு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எதற்கும் குறை சொல்லவில்லை. ஆனால் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் குறைக்க வேண்டும் என்ற பழக்கத்தில் பிடித்துக்கொண்டார். “தண்ணி கொடுக்காம பால் எங்கிருந்து சுரக்கும்?” என்று பெரியம்மாவிடமே கேட்டுவிட்டார். பாலூட்டுகிறவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும், காயையும் பருப்பையும் விலக்கி அரைவயிறு பத்தியம் போடக் கூடாது, அரசாங்கம் தருகிற இரும்புச்சத்து மாத்திரையைப் பேறுகாலத்துக்குப் பிறகும் 180 நாள் நிறுத்தக் கூடாது என்றார். பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் விடிகாலையில் ஒரு பெரிய அண்டாவில் சீரகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. “ஆளுக்கு ஒரு பாட்டில் ஊத்தி அனுப்புங்கத்தா” என்றார்கள். இரண்டு பேருக்கும் நான் பட்டிருக்கிற கடன் கொஞ்சமல்ல.

அப்புறம் பணம். கையில் இருந்தது என் தோடும் சங்கிலியும்தான். அடகு வைக்கக் கிளம்பியவளைத் தெருவின் மகளிர் குழு தடுத்துவிட்டது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களைப் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறேன். அதன் அருமை, பதினாறு பெண்கள் தங்கள் சேமிப்பு நோட்டைப் பிரித்து நாற்பதாயிரம் ரூபாயை எண்ணி என் மடியில் வைத்தபோதுதான் புரிந்தது. அதில் பாதிப் பேர் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதம் அது. கடனை அடைத்தாகிவிட்டது, ஆனாலும் அந்த மாதத்தை நான் மறக்க மாட்டேன்.

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அலைய வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அப்போது 12 லட்சத்துக்குள் விற்பனை செய்த எங்களைப் போன்றவர்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் என்று சொல்லி, இ-சேவை மையத்துத் தம்பி உட்கார வைத்தே முடித்துக்கொடுத்தார். கீழமாசி வீதி மளிகைக்கார அண்ணாச்சி முதல் ஆறு மாதம் கடனுக்குச் சரக்குக் கொடுத்தார். வடுகபட்டி சந்தையிலிருந்து பூண்டு வரும்போது நல்ல மூட்டையை எங்களுக்கென்று ஒதுக்கி வைப்பார். நாட்டு மருந்துக் கடை ஐயா திப்பிலியையும் சித்தரத்தையையும் பூச்சி இருக்கிறதா என்று அவரே புடைத்துப் பார்த்துத்தான் கட்டுவார்.

சிம்மக்கல் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவரையும் சொல்ல வேண்டும். முதல் கோடையில் ஒரு நாள், ஆறாத சாதத்தை மூடி அனுப்பிவிட்டோம். அது வியர்த்து, வாடை வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அவர் போன் செய்து, நடந்ததை மட்டும் பதறாமல் சொல்லிவிட்டு, “நாளைக்கும் அனுப்புங்க, ஆற வச்சு அனுப்புங்க” என்றார். பச்சைக் குழந்தையோடு இருக்கிற ஒருத்தி அப்படிப் பேசியது என்னை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து சாதத்தைப் பரப்பி, ஆவி அடங்கிய பிறகுதான் மூடுகிறோம். அனுப்புமுன் ஒவ்வொரு கேரியரிலும் ஒரு பருக்கை எடுத்து நானே வாயில் போட்டுப் பார்க்கிறேன்.

ஆட்டோ அண்ணனைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. 2023 மே 5, அழகர் ஆற்றில் இறங்கிய நாள். கோரிப்பாளையத்தில் கால் வைக்க இடமில்லை, வண்டி எதுவும் நகரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்து வீடு. ஒரு நாள்தானே, போன் செய்து சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன். அண்ணன் ஆட்டோவைத் தெருவிலேயே பூட்டிவிட்டு, கையில் மூன்றும் தோளில் இரண்டுமாகக் கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். “பிள்ள பெத்தவளுக்குச் சாப்பாடு, கொஞ்சம் வழி விடுங்கப்பா” என்று சொல்லிக்கொண்டே போனாராம். அத்தனை லட்சம் ஜனம் இருந்த இடத்தில் அவருக்கு வழி கிடைத்திருக்கிறது. நீர்மோர்ப் பந்தலில் நின்றிருந்த ஒரு பையன் இரண்டு கேரியரை வாங்கிக்கொண்டு கூடவே நடந்து, ஐந்து வீட்டுக்கும் போய்விட்டுத்தான் திரும்பினானாம். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. தம்பி, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டினால், ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டுப் போ.

என்னோடு நிற்கிற ஆறு பெண்களுக்கு நன்றி என்ற சொல்லே அந்நியமாக இருக்கிறது. விடிகாலை நான்கரைக்கு வருகிறீர்கள். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்ப எட்டு மணிக்கு ஓடிப் போய்த் திரும்ப வருகிறீர்கள். கூடத்து விட்டத்தில் நாம் கட்டிய தொட்டில் ஒருபோதும் காலியாக இருந்ததில்லை. முதலில் என் மகள், பிறகு உங்களில் இரண்டு பேர் பிள்ளைகள், இப்போது பில்லிங் தங்கச்சி மகன். பத்து சாப்பாட்டுக்கு ஒன்று, பெரியாஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடக்கிற தாய்க்கு இலவசமாகப் போக வேண்டும் என்று சொன்னது நானல்ல, நீங்கள்தான். கையைக் கடித்த மாதங்களில்கூட அதை நிறுத்த நீங்கள் விடவில்லை.

பெரியம்மா, உங்கள் தூக்குவாளி நான்கு வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறது. கேட்டபோதெல்லாம் “இருக்கட்டும்” என்றீர்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். வெள்ளிக்கிழமை காலையில் மகளோடு வருகிறேன். பூண்டுக் குழம்பு வைத்திருக்கிறேன், நானே உரித்த பூண்டு. சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள், மற்ற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.