போன் உனக்குத் தேவை, தவணை வேண்டாம்

தருமபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்துவிட்டது. தம்பி பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் ஒழுங்காகப் போய் வருகிறான். சிறுபோகம் வெட்டி முடிந்து நெல்லும் கொடுத்தாயிற்று. காலபோகத்துக்கு விதைநெல் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ உன் அறைப் பிள்ளையின் போனில் பேசியபோது, அவளுடைய காசு போகிறதே என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகச் சொன்னாய். எனக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு மாமா, மத்திய கிழக்குக்குப் போகிற மகனை ஏற்றிவிடக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை நீ வாடகைக்குத் தங்கியிருக்கிற போடிங்கில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன் விழுந்து உடைந்ததை நீ சொன்ன விதம்தான் எனக்கு மனவருத்தம். களவெடுத்துப் பிடிபட்டவள் போலச் சொன்னாய். "எனக்கு இப்போது போன் அவ்வளவு தேவையில்லை அப்பா, தம்பியின் டியூஷன் காசை அனுப்பிவிட்டுப் பிறகு பார்க்கிறேன்" என்றாய். அதோடு, அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் காட்டினால் தவணைக்குப் போன் தருகிற கடை ஒன்று தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் சொன்னாய். போன் உனக்குத் தேவை, பிள்ளை. தவணை வேண்டாம். இந்த இரண்டையும் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ பிறந்த நேரம் எங்கள் பக்கத்தில் கைபேசிக் கோபுரம் என்று ஒன்று இல்லை. வெளிநாட்டிலிருந்த பெரியப்பாவோடு பேசுவதற்கு ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குப் போய், கொமினிகேஷன் கடையில் காத்திருந்து பேசிவிட்டு வருவேன். 2006 ஆகஸ்டில் வவுனியாவுக்குப் போகிற ஏ9 பாதை மூடப்பட்டதோடு அதுவும் போயிற்று. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் நாங்கள் ஒரு வலயத்தில், உன் மாமி குடும்பம் இன்னொரு வலயத்தில். நடந்தால் எட்டிவிடுகிற தூரம், ஆனால் போக விடமாட்டார்கள். மாமி உயிரோடு இருக்கிறாரா என்பதே நீண்ட நாள் எங்களுக்குத் தெரியாது. முள்ளுக்கம்பிக்கு அப்பால் போகிற சனத்திடம் மாமியின் பெயரையும் ஊரையும் கூவிக் கூவிக் கேட்டேன். உனக்கு அப்போது ஆறு வயது, என் தோளில் இருந்தாய். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவனிடம் போன் ஆடம்பரம் என்று யார் வந்து சொன்னாலும் அவன் எப்படி ஒத்துக்கொள்வான்?

அதன் பிறகு 2020. மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். நீ உயர்தரம் படிக்கிற காலம். பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். நம் வீட்டிலும் இரண்டு பக்கத்து வீடுகளிலுமாக உங்கள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், மூன்று பேருக்கும் என்னுடைய அந்த ஒரு போன். வீட்டுக்குள் சிக்னல் வராது என்று கல்மடுக்குளத்துக் கட்டுக்குப் போவீர்கள். ஆசிரியர் கரும்பலகைக் கணக்கைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார். விரிசல் விட்ட போன் கண்ணாடியில் அந்த எழுத்துத் தெரியாது. ஒருத்தி போனை வெயில் படாமல் தாவணியால் மறைத்துப் பிடிக்க, ஒருத்தி வாசிக்க, நீ மூன்று கொப்பியிலும் எழுதுவாய். முடிப்பதற்குள் பற்றரி இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி ஓடுவாய். படிப்பில் நீ யாருக்கும் குறைந்தவள் இல்லை. அன்றைக்கு உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன் இருந்திருந்தால் உங்கள் மூவருடைய வழியும் வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

கணக்கெடுக்க வருகிறவர்கள், வீட்டில் போன் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றால் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஒரு போன் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலும் அது அப்பாவின் பையில் இருக்கும், இல்லையென்றால் அண்ணனின் பையில். பெண்பிள்ளை கேட்டு வாங்கிப் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் போட்டாலும் அண்ணனின் இலக்கத்தைத்தான் எழுத வேண்டும். நேர்முகத்தேர்வுக்கு அழைப்பு வரும்போது அண்ணன் வயலில் நிற்பான். உனக்கு அப்படி வேண்டாம். உன் சம்பளம் வங்கிக்கு வருகிறது, வங்கியின் ரகசிய இலக்கம் குறுஞ்செய்தியாக வருகிறது. அது அறைப் பிள்ளையின் போனுக்கு வருவது அவளுக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை. அவள் நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று வருடம் பிறந்தபோது சொன்னாய். அதைக் கைவிடாதே. தையல் மெஷினுக்கு முன்னாலேயே உன் காலம் முழுவதும் போக வேண்டும் என்று இல்லை.

சித்தப்பா போன மாதம் வந்திருந்தபோது, காமென்ட்ஸுக்கு, உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் சம்பளத்திலேயே தொடுதிரை ரச் போன் வாங்கிக் கெட்டுப்போகிறார்கள் என்றார். நான் அவர் முகத்துக்கு நேரேயே மறுத்துச் சொன்னேன். வேலை முடிந்து இருட்டில் போடிங்குக்கு நடந்து போகிற பிள்ளைகள் அவர்கள். கையில் போன் இருப்பதுதான் அவர்களுக்குக் காவல். கஷ்டம் என்கிறார்கள், கையில் மட்டும் ரச் போன் இருக்கிறது என்று பேசுகிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள், நம் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை வைத்திருந்தால் மட்டும் அது இவர்கள் கண்ணைக் குத்துகிறது. அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ மேலதிக நேரம் நின்று ஓ.ரி. செய்து சம்பாதித்த காசு.

இனித் தவணை விஷயம். நெல்லுக் காசு எடுக்கக் கிளிநொச்சிக்குப் போன அன்று, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடைக்குள் போய் விசாரித்தேன். பாவிக்கக்கூடிய ஒரு போன் கைக்காசுக்கு 36,000 ரூபாய். தவணைக்கென்றால் முதலில் 6,000 கட்டிவிட்டுப் பிறகு மாதம் 3,750, பன்னிரண்டு மாதம். கடைப் பையன் "மாதம் 3,750 தானே ஐயா, நாளுக்கு 125 ரூபாய்" என்று கல்குலேற்றரைத் திருப்பிக் காட்டினான். முழுத் தொகையையும் கூட்டி எழுதித் தா தம்பி என்று ஒரு துண்டில் எழுதி வாங்கினேன். 51,000. பதினையாயிரம் மேலதிகம். நீ கடன்படுவது 36,000 அல்ல, முற்பணம் போக 30,000 மட்டும். முப்பதாயிரத்துக்கு ஒரு வருடத்தில் பதினையாயிரம் வட்டி. இன்னொன்றையும் பார். ஆறு மாதம் கட்டி முடிக்கும்போது வாங்கிய கடன் தொகையில் பாதி குறைந்துவிடும், வட்டியோ கடைசி மாதம் வரைக்கும் முழு முப்பதாயிரத்துக்கும்தான் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் உண்மை வட்டி நூற்றுக்கு ஐம்பதையும் தாண்டிப் போகிறது. தவணை தவறினால் போனைத் தூரத்திலிருந்தே பூட்டிவிடுகிற முறையும் இப்போது இருக்கிறது. நீ காய்ச்சலில் படுத்து ஒரு மாதம் சம்பளம் குறைந்தால் பூட்டுவார்கள். எங்களைக் கூப்பிட வேண்டிய நேரமும் அதுவாகத்தான் இருக்கும்.

உன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 30,000இல் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது 2,400 கழித்தால் 27,600. அதற்குள் போடிங் வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது. ஓ.ரி. இல்லாத மாதத்தில் 3,750 எங்கிருந்து வரும்? போன் விலை இப்படி ஏறியதற்கு நீ என்ன செய்வாய்? 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18 சதவீதம் வற் வரி. விலை இப்படி ஏறினால், சம்பளம் குறைந்த இளம் பிள்ளைகள்தான் தவணைக் கடை வாசலில் போய் நிற்கிறார்கள்.

நுண்கடன் காலம் உனக்கு நினைவிருக்கும். மீள்குடியேறி வந்தபின் அம்மா ஆடு வாங்க ஒரு கம்பனியில் 50,000 எடுத்தார். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் வருவார்கள். காசு இல்லாத அன்று படலையடியிலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள். நீ பள்ளிக்கூடத்தால் வந்து, அவர்களைக் கண்டு பின்வேலியால் வீட்டுக்குள் வருவாய். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அந்த நேரம் அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டி முடித்திருந்தார். அந்தத் தோடு திரும்பி வரவேயில்லை. பிள்ளை, ஆட்டுக்கு வந்த அந்தக் கடன்தான் இப்போது போனுக்கு வருகிறது. உன் பெயரில் அது வர நான் விடமாட்டேன்.

நானும் அம்மாவும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அம்மாவின் சீட்டு ஐப்பசியில் விழுகிறது. பன்னிரண்டு பேர், மாதம் 4,000, ஆக 48,000. கிணற்று மோட்டரின் கம்பியை மறுபடி சுற்றக் கொடுப்பதற்கென்று வைத்திருந்தோம். மாரி மழை தொடங்கிவிட்டால் கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிடும், வாளியாலேயே அள்ளலாம். மோட்டர் தை, மாசி வரை பொறுக்கும். சீட்டுக் காசில் 36,000 உன் வங்கிக் கணக்குக்கு வரும். மிச்சம் தம்பியின் டியூஷனுக்கு. நீ மாதம் 3,000 வீதம் அம்மாவுக்கு அனுப்பினால் அடுத்த ஐப்பசிக்குள் முடிந்துவிடும். முடியாத மாதம் ஒன்று வந்தால் சொல்லிவிடு, அவ்வளவுதான். இதைக் கேட்டதும் நீ வேண்டாம் என்பாய் என்று அம்மாவுக்குத் தெரியும். இது அம்மாவின் சீட்டு, அம்மாவின் முடிவு. மறுத்துப் பேசாதே.

வாங்கும்போது கவனமாக இரு. யாரோ பாவித்த போனைப் பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாமல் வாங்காதே. களவுப் போனாக இருந்தால் நீதான் பொலிஸுக்கு அலைய வேண்டி வரும். கடையிலேயே *#06# அழுத்திப் பார், அந்தப் போனுக்குரிய பதினைந்து இலக்க அடையாள எண் வரும். அது பெட்டியில் இருக்கிற இலக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பதில் வரும். பதிவில்லாத புதுப் போன்களுக்கு 2025 ஜனவரி இறுதியிலிருந்து இணைப்புக் கிடைக்காது என்று அறிவித்திருக்கிறார்கள். கடைக்காரன் அவசரப்படுத்தினால் அந்தக் கடையை விட்டுவிடு.

அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினால் உடனே கடன் தருகிறோம் என்று விளம்பரம் வரும். அதைத் தொடவே தொடாதே. போனில் இருக்கிற எல்லோருடைய இலக்கத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மானத்தை வாங்குவார்கள். யாராவது உன் படத்தை வைத்துக்கொண்டு பயமுறுத்தினால் தனியே அழுதுகொண்டு இருக்காதே. எங்களிடம் சொல். எங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 1938க்கு எடு, பெண்களுக்கான உதவி இலக்கம் அது. எது நடந்தாலும் நானும் அம்மாவும் உன் பக்கம்தான். போனில் நீ யாரோடு பேசுகிறாய், என்ன பார்க்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உனக்கு இருபத்திரண்டு வயது.

கடைசியாக சிம். உடைந்த போனிலிருந்து அதைக் கழற்றிப் பத்திரமாக வை, இலக்கத்தை மாற்றாதே. வங்கியிலும் தொழிற்சாலையிலும் அந்த இலக்கம்தான் இருக்கிறது. ஆனால் சிம் இன்னமும் என் பெயரில் இருக்கிறது, அது உன் பெயருக்கு வர வேண்டும். என் அடையாள அட்டைப் பிரதியும் கையொப்பம் வைத்த கடிதமும் இதோடு வைத்திருக்கிறேன். அங்கே சிம் கம்பனியின் கிளையில் கொடுத்துப் பார். நான் நேரில் வர வேண்டும் என்று சொன்னால், பொங்கலுக்கு நீ வரும்போது கிளிநொச்சியில் மாற்றிவிடுவோம்.

மாமா அன்றிரவே திரும்புகிறார். எந்தப் போன், எந்தக் கடை, என்ன விலை என்று ஒரு துண்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிடு. வங்கிக் கணக்கு இலக்கத்தையும் எழுது, அம்மா வைத்திருந்த துண்டில் ஓர் இலக்கம் அழிந்துபோயிருக்கிறது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா