வண்டி நம்பர் சொல்லுங்க சார்

வேளச்சேரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

போன வாரம் போனில், "கடைக்குள்ள சைக்கிள விடலேன்னு அறுபது வயசுல ஒருத்தன் சண்டை போடுவானாடா, என் ஜவுளிக்கடையா இருந்தாலும் விடமாட்டேன்" என்று சிரித்தாயே, அதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். உன் கல்லாவில் ஆள் வந்துவிட்டதால் வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் தட்டினால் கட்டைவிரல் கழன்றுவிடும். அதனால் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். எப்போது நன்றாக இருந்தது?

முதலில் வீட்டுச் சேதி. உன் தங்கச்சிக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். என் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மூன்று மாதச் சராசரி 8.4 இருந்தது, இப்போது 7.1. டாக்டர் மாத்திரையைத்தான் பாராட்டுகிறார், நான் சைக்கிளைப் பாராட்டுகிறேன். மகள் அங்கேயே நெதர்லாந்தில், யூட்ரெக்ட்டில்தான் இருக்கிறாள். பேரன் தமிழில் "போடா" மட்டும் தெளிவாகச் சொல்கிறான்.

இனி விஷயம். நீ கேட்டது பாதிக் கதைதான்.

நான் வாங்கியிருக்கும் சைக்கிள் நம் காலத்து ஹெர்குலிஸ் இல்லை. அலுமினியம். ஒரு கையால் தூக்கலாம். விலை 28,000. (வீட்டில் சொன்ன விலை வேறு, கடிதத்தை உன் வீட்டில் வாய்விட்டுப் படிக்காதே.) கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டே கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் ஒரு சுவரோ கம்பமோ வேண்டும். சீட்டையும் சக்கரத்தையும் ஸ்பேனர் இல்லாமலே கழற்றலாம், ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பினால் போதும். பந்தயத்தில் பனியில் விரல் மரத்துப்போய்ச் சக்கரத்து நட்டைக் கழற்ற முடியாமல் தவித்த துல்லியோ காம்பக்னோலோ என்ற இத்தாலிக்காரர், அந்தக் கடுப்பில் இதைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். வேளச்சேரித் திருடனுக்கு விரல் மரக்கவில்லை. பாலும் தயிரும் அரைக் கிலோ வெண்டைக்காயும் வாங்கிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தால், சைக்கிள் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சீட்டைக் காணோம். வீடு வரைக்கும் பெடலில் நின்றுகொண்டே மிதித்தேன். போகிற வருகிறவன் எல்லாம் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்திருப்பான்.

போலீசுக்குப் போகவில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார், அவர் ஒரு சேதி சொன்னார். 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கும் புதுச் சட்டத்தில், 5,000 ரூபாய்க்கும் குறைந்த பொருளை முதல் தடவை திருடினவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஜெயில் இல்லையாம், சமுதாய சேவைதானாம். என் சீட்டு 900 ரூபாய். எங்கள் தெருவைக் கூட்டச் சொன்னால் நானே மன்னித்திருப்பேன்.

அடுத்த வாரம் அதே கடை. வேறெங்கே போவது, பக்கத்தில் அதுதான். புது சீட்டு போட்டிருந்ததால் மனசு சைக்கிளிலேயே இருந்தது. வாசலில் செக்யூரிட்டி தம்பி, ஒடிசாக்காரன், "சார், டூ வீலர் பக்கம் போங்க" என்றான். போனேன். அங்கே டோக்கன் மெஷினோடு ஒரு பையன்.

"வண்டி நம்பர் சொல்லுங்க சார்."

"சைக்கிளுப்பா இது. நம்பருக்கு எங்க போறது?"

"நம்பர் அடிக்காம டோக்கன் வராது சார்."

"டோக்கன் வேணாம், ஓரமா வெச்சுக்கறேன்."

"டோக்கன் இல்லாம வைக்கக் கூடாது சார்."

அவனும் என்ன செய்வான், மெஷின் அப்படி. ஆனால் எனக்கு உன் வீட்டு ஞாபகம்தான் வந்தது. உங்கப்பா சைக்கிளில் முனிசிபாலிட்டி தகர வில்லை ஒன்று தொங்குமே, வருஷ வரி கட்டியதற்கு அடையாளமாக. நாம் இரண்டு பேரும் அதை எண்ணி எண்ணி விளையாடுவோம். தியேட்டர் ஸ்டாண்டில் அட்டை டோக்கனில் பாதியை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுப் பாதியைக் கையில் கொடுப்பான். அதைத் தொலைத்துவிட்டு, இரண்டாம் ஆட்டம் முடிந்து எல்லா சைக்கிளும் போன பிறகு, மிச்சம் நிற்பது நம்முடையதுதான் என்று நிரூபித்தோமே. அன்றைக்கு சைக்கிளுக்கு நம்பர் இருந்தது, காசும் வாங்கினான், பொறுப்பும் ஏற்றான். இன்றைக்குக் காசு இல்லை, அதனால் பொறுப்பும் இல்லை.

சரி என்று உருட்டிக்கொண்டு உள்ளேயே நுழைந்துவிட்டேன். ஆமாம்டா, நானேதான். காலேஜுக்குப் போகும்போது லைட் இல்லாமல் டபுள்ஸ் வந்ததற்குப் போலீஸ்காரர் டயர் காற்றைப் பிடுங்கிவிட்டால் அழப் பார்த்தவன், ஏசிக் கடைக்குள் சைக்கிளோடு போய் அரிசி அடுக்குப் பக்கம் நின்றேன். மேனேஜர் ஓடி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "எல்லாரும் கொண்டுவந்தா என்ன சார் ஆகும்?" நான் விடவில்லை. "குழந்தை வண்டி வருது, உங்க டிராலி வருது, அதுக்கெல்லாம் சக்கரம் இல்லையா? காருக்கு இடம் கட்டி வெச்சிருக்கீங்க, எனக்கு ஒரு கம்பம் நட்டீங்களா?" என்று பிரசங்கம். என் காதுக்கே நன்றாக இருந்தது.

அன்று காலையில் மழை. திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்து நான் நின்ற இடம் வரை வெள்ளைத் தரையில் கறுப்பாக டயர் தடம். அதை ஒரு அம்மா மாப் வைத்துத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேனேஜர் சொன்ன எதுவும் வாயை அடைக்கவில்லை, அந்த மாப் அடைத்துவிட்டது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன்.

செக்யூரிட்டி தம்பி கூப்பிட்டான். கடைக்குப் பின்பக்கம், ஜெனரேட்டர் ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று. அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சைக்கிள். எல்லாவற்றின் சக்கரத்துக்குள்ளும் ஒரே நீளச் சங்கிலி ஓடுகிறது. பில் போடுகிற பெண்கள், மூட்டை இறக்குகிறவர்கள், மாப் பிடித்த அந்த அம்மா, அவன், எல்லாருடையதும். இரண்டு மூன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்துப் பிறகு பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும் ஆனதே, அது. படிப்பு முடிந்து அந்தப் பெண்ணோடு வேலைக்கும் வந்துவிட்டது. "இங்க வைங்க சார், நான் பாக்கறேன்" என்றான். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் என்னுடையதையும் கோத்துவிட்டான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது சைக்கிளுக்காகவா, 28,000 ரூபாய்க்காகவா? பழைய ஹெர்குலிஸாக இருந்தால் அதை உருட்டிக்கொண்டு ஏசிக்குள் போயிருப்பேனா? கொட்டகையில் சைக்கிள் வைத்திருக்கிற பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

அப்போதுதான் உங்கப்பா கடை நினைவுக்கு வந்தது. திருபுவனத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு நெசவாளி ஒருவர் வருவாரே, கேரியரில் வெள்ளைத் துணி மூட்டை, உள்ளே பட்டு. உங்கப்பா எழுந்து போய், "சைக்கிளோட உள்ள வாங்க" என்று நடைக்குள் கூப்பிடுவார். வாங்க வருகிறவர்களோ செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். நான் அதைப் பார்த்து, நெசவாளி மேல் உங்கப்பாவுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதையும் இருந்திருக்கும். ஆனால் உள்ளே வந்தது சைக்கிள் இல்லை, பட்டு. மூட்டையை இறக்கிக் கணக்கு முடிந்ததும் சைக்கிள் மறுபடி தெருவுக்குப் போய்விடும்.

ஆகவே நீ சொல்வது சரி. ஜவுளிக்கடைக்குள் சைக்கிள் கூடாது. செயின் கிரீஸ் ஒரு பட்டுப்புடவை முந்தானையில் பட்டால் நெசவாளியின் பத்துப் பதினைந்து நாள் உழைப்பு போச்சு. உனக்கு நஷ்டம், எனக்கு வாய்ப்பேச்சு. ஒத்துக்கொண்டேன், சந்தோஷமா? இதோடு என்னை விட்டுவிடாதே, மிச்சத்தையும் கேள்.

நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது "சைக்கிளைக் கடைக்குள் விடலாமா" என்று யாராவது கேட்டிருப்பார்களா? கேள்வியே எழவில்லை. ஏனென்றால் கடைக்கு "உள்ளே" என்று ஒன்று கிடையாது. மளிகைக்கடையில் நாம் தெருவில் நிற்போம், சாமான் உள்ளேயிருந்து வரும். பெட்டிக்கடையில் சீட்டை விட்டு இறங்கக்கூட மாட்டோம், ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு "ரெண்டு பாக்கு" என்போம். டீக்கடையில் ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் ஹேண்டில்பார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் போகிற லட்ச ரூபாய் சைக்கிள்காரர்கள் டீக்கடைகளில் அப்படித்தான் நிற்கிறார்கள். பூட்டே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்த பிறகுதான் ஆள் உள்ளே, சைக்கிள் வெளியே என்றாயிற்று. நீயே எடுத்துக்கொள் என்று டிராலியைக் கையில் கொடுத்து நம்மை அரை மணி நேரம் உள்ளே சுற்றவிடுகிறான். அந்த அரை மணி நேரம் சைக்கிளைப் பார்க்கிற கண்ணை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறான் அல்லவா, அதற்கு ஈடாக எதுவும் தருவதில்லை. என் கோபம் நியாயம், கேட்ட கேள்விதான் கோணல்.

மகள் ஊரைப் பார்த்தாயானால் புரியும். அந்த நாட்டில் ஜனத்தைவிட சைக்கிள் அதிகம். அங்கேயே யாரும் சூப்பர் மார்க்கெட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதில்லை. பின்சக்கரத்தில் நம்முடைய பழைய ரிங் லாக் மாதிரியே ஒன்று, டக்கென்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். யூட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் மூன்று தளத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். 2019-ல் முழுசாகத் திறந்தது. முதல் 24 மணி நேரம் காசில்லை. நான் அதற்குள் போய் மகளுடைய சைக்கிளைத் தேடி இருபது நிமிஷம் அலைந்தேன், மகாமகக் கூட்டத்தில் உன்னைத் தேடின மாதிரி. அதற்காக அந்த ஊரில் திருட்டே இல்லை என்று நினைக்காதே. மகளே இரண்டு தொலைத்திருக்கிறாள்.

கொச்சி மெட்ரோவில் 2020 கடைசியிலிருந்து சைக்கிளோடு ஏற விடுகிறார்கள். ரயிலுக்கே விடும்போது கடைக்கென்ன என்று மேனேஜரிடம் கேட்டிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. நல்லவேளை, கேட்கவில்லை. ரயிலில் ஏறினால் அடுத்த ஊரில் இறங்கி மிதிக்க வேண்டும், அதனால் கூடவே வர வேண்டும். கடையில் நுழைந்த வாசல் வழியாகவேதான் வெளியே வரப்போகிறேன். எனக்குத் தேவை சைக்கிள் கூடவே வருவது அல்ல, திரும்பும்போது அது அங்கே இருப்பது. மடிக்கிற சைக்கிள் வேறு விஷயம், பையில் போட்டுவிட்டால் அது வெறும் சுமை. நான் வாங்கினது மடியாது. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் கடையை இடித்துக் கட்டிக் கண்ணாடியும் ஏசியும் போடுகிறான் என்றாய். போடட்டும், காலம் அப்படி. திண்ணையும் போகிறது என்றாயே, அதுதான் கஷ்டமாக இருந்தது. தெருவுக்கும் கடைக்கும் நடுவில் அது ஒன்றுதான் இருந்தது. படிக்கு இடதுபக்கம், திண்ணை இருந்த இடத்தில், தரையில் ஆழமாகப் புதைத்து ஒரு இரும்புக் குழாயைத் தலைகீழ் 'ப' மாதிரி வளைத்து நடச் சொல். இடுப்பு உயரம் போதும். கொத்தனார் இருக்கும்போதே செய்தால் அரை நாள் வேலை. ஒன்று மட்டும் முக்கியம்: கல்லாவில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக அது தெரிய வேண்டும். பையன் அங்கே பெரிய பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டி நிறுத்தப் போகிறேன் என்பான். பொம்மையை வலதுபக்கம் தள்ளிக்கொள்ளச் சொல்.

தை மாதம் இரண்டாம் வாரம் வருகிறேன். சைக்கிளை ரயிலில் பார்சல் போட்டு எடுத்து வரப் பார்க்கிறேன். காவிரிக் கரையோரமாகக் காலேஜ் வரைக்கும் ஒரு தடவை போய் வரலாம். நீ உன் பையனுடைய ஸ்கூட்டரில் வா, பரவாயில்லை. உன்னைப் பின்னால் உட்காரவைக்கத்தான் என்னிடம் கேரியர் இல்லை.

குழாய் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். என் பூட்டு அதற்கு மேல் சுற்றாது.

இப்படிக்கு,
மூன்று வருஷம் உன் கேரியரில் உட்கார்ந்து காலேஜுக்கு வந்தவன்