தேய்ந்த குரல்தான், அதனால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எட்டா ஜேம்ஸ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையைப் பாடும் ஒருவருக்குத் தமிழ்ப் பத்திரிகையில் நான்கு பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உறுத்துகிறது. 1960-களோடு அவருடைய நல்ல காலம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் வந்ததெல்லாம் தேய்ந்த குரலில் பாடிய பழைய பாட்டுகள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். குரல் தேய்ந்திருந்தது உண்மை. அதைக் குறையாக எழுதியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் இசை விமர்சகன் இல்லை. தூத்துக்குடியில் பதினெட்டு வருஷம் கேசட் பதிவு செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தவன். காலி டேப்பும் கையில் ஒரு பாட்டுப் பட்டியலுமாக வருவார்கள்; சாயங்காலம் அடித்துக் கொடுப்போம். 1995 வாக்கில், கப்பலில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சிடியைக் கொண்டுவந்தார். எட்டா ஜேம்ஸின் 'மிஸ்டரி லேடி'. “தொண்ணூறு நிமிஷ டேப்புல அடிச்சுக் குடுங்க அண்ணாச்சி. ஆனா பின்பக்கம் மிச்சம் இருந்தா வேற எதையும் போட்டு நிரப்பிராதீங்க” என்றார். மிச்ச டேப்பை வீணாக்காமல் நாலு சினிமாப் பாட்டைப் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். அதை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பதிவு ஓடும்போது சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருப்பது பழக்கம். சினிமாப் பாட்டு என்றால் ஊசி சிவப்புக்கு ஏறி அங்கேயே நின்று ஆடும். இந்த சிடியில் ஊசி எழவே இல்லை. சத்தம் போதவில்லையோ என்று அளவைக் கொஞ்சம் கூட்டினேன். ஒரு நிமிஷம் கழித்து ஒரே ஒரு சொல்லில் அந்த அம்மாள் குரலை ஓங்கினார். ஊசி சிவப்பில் போய் முட்டிவிட்டு உடனே கீழே விழுந்தது. முதலிலிருந்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டேன்.

1994-இல் வந்த ஆல்பம் அது. பதினொரு பாட்டுகள்; பெரும்பாலும் பில்லி ஹாலிடே என்ற பழைய அமெரிக்க ஜாஸ் பாடகி பாடியவை, ஏறக்குறைய எல்லாமே காதல் பாட்டுகள். எட்டா ஜேம்ஸ் பிறந்தது 1938 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸில். ஆக, ஆல்பம் வந்தபோது வயது ஐம்பத்தாறு. இடையில் ஹெராயின் பழக்கம், சிறை, சிகிச்சை என்று அவர் பட்ட பாட்டையெல்லாம் உங்கள் கட்டுரையே சொல்லிவிட்டது. பின்னணியில் பெரிய வாத்தியக் கூட்டமும் இல்லை. பியானோவும் இசை அமைப்பும் சீடர் வால்டன். அவர் ஜாஸ் உலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் எல்லாம் எட்டா ஜேம்ஸின் குரலுக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்கின்றன.

முதல் பாட்டு 'டோன்ட் எக்ஸ்ப்ளெயின்'. இது ஹாலிடேவே ஆர்தர் ஹெர்சாக்குடன் சேர்ந்து எழுதியது. ஹாலிடேவின் கணவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது சட்டைக் காலரில் லிப்ஸ்டிக் கறை. அவர் ஏதோ காரணம் சொல்லத் தொடங்க, போய்க் குளி, விளக்கமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பாட்டு பிறந்த கதையாக ஹாலிடே தன் சுயசரிதையில் சொன்னது இது. இளம் பாடகிகள் இந்தப் பாட்டை எடுத்தால் அழுகைதான் முன்னால் நிற்கும். எட்டா ஜேம்ஸ் பாடும்போது அழுகையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்தச் சட்டையை ஏற்கெனவே வாளியில் ஊறப்போட்டுவிட்டு வந்து பேசுகிறவர் மாதிரி இருக்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் விடுகிற இடைவெளியில் அந்த வீட்டில் பல வருஷம் குடித்தனம் நடந்த சத்தம் கேட்கிறது. இதை இருபத்திரண்டு வயதுத் தொண்டையில் எதிர்பார்க்க முடியுமா?

அந்த இருபத்திரண்டு வயதில்தான், 1960-இல், அவர் 'அட் லாஸ்ட்' பாடினார். வயலின்கள் அலை மாதிரி வந்து வழிவிட, அவர் முதல் சொல்லையே முழு நெஞ்சோடு இறக்குவார். அது மகத்தான பாட்டு, சந்தேகமே இல்லை. (அது அவருக்காகவே எழுதப்பட்டது என்று கட்டுரையில் இருக்கிறது. திருத்திக்கொள்ளவும். மேக் கார்டனும் ஹாரி வாரனும் 1940-களின் தொடக்கத்தில் ஹாலிவுட் படத்துக்காக எழுதியது. கிளென் மில்லர் குழுவின் இசைத்தட்டு 1942-லேயே வந்துவிட்டது.) ஆனால் அந்தப் பாட்டில் காதல் இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது. 'மிஸ்டரி லேடி'யில் அது வந்து, இருந்து, போய்விட்ட வீட்டைக் கேட்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ஒன்று இளசு, ஒன்று பழசு என்று விலை போட்டால் எப்படி?

இன்னொன்று. ஹாலிடேவின் 'லேடி இன் சாட்டின்' 1958-இல் வந்தபோதும் குரல் போய்விட்டது என்றுதான் பலர் சொன்னார்கள். ரே எல்லிஸ் அமைத்த பெரிய வயலின் கூட்டத்துக்கு நடுவே அந்தக் குரல் கீறல் விழுந்துதான் கேட்கிறது. அடுத்த வருஷம் ஜூலையில், நாற்பத்து நான்கு வயதில், அவர் இறந்துபோனார். இன்றைக்கு அந்த ஆல்பத்தை அந்தக் கீறலுக்காகவே தேடிக் கேட்கிறவர்கள் உண்டு. எட்டா ஜேம்ஸுக்கு இது தெரியாமல் இருக்குமா? அவர் ஹாலிடே மாதிரி பாடிக்காட்ட முயலவே இல்லை. 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தில் இருக்கும் 'யூ'வ் சேஞ்ச்ட்' பாட்டைத் தன் சொந்தக் கனத்த குரலில், சொந்த மூச்சில் பாடிவிட்டுப் போகிறார். தேவாலயத்தில் தொடங்கி, 1963-இல் நாஷ்வில் கிளப் மேடையில் கூரை அதிரக் கத்திப் பாடியவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு ஆல்பம் முழுக்க அடக்கி வாசிக்கிறார் என்றால், கத்த முடியாமல் இல்லை. எனக்கு அது அந்த ஒரு சொல்லில், மீட்டர் ஊசியில் தெரிந்தது.

விருதுகளை வைத்துப் பாட்டை அளக்கிற ஆள் நான் இல்லை. இருந்தாலும், முடிந்துபோன காலம் என்று எழுதியதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1955-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்த அவருக்கு முதல் கிராமி கிடைத்தது இந்த ஆல்பத்துக்குத்தான், அதுவும் ஜாஸ் பாடகருக்கான பிரிவில். நாற்பது வருஷம் ஆகியிருந்தது. கட்டுரையில் இது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

கட்டுரையாளர் மேல் கோபமில்லை. அவர் இளையவர் என்று நினைக்கிறேன். ராத்திரி கடைச் சாமானெல்லாம் எடுத்து வைத்தபிறகு ஒருதடவை அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஐ'ல் பி சீயிங் யூ'வைக் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கப்பல்காரரின் டேப்பை அடித்துக் கொடுத்தபோது எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். தப்புதான், அந்தத் தொழிலே அப்படி. பின்பக்கம் நிறைய மிச்சம் இருந்தது. நானும் நிரப்பவில்லை.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரர்,
தூத்துக்குடி