சம்பந்தி விருந்துக்கு எந்த இனிப்பு ஒயின்? மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பிறகும் அப்படியே இருக்குமா என்று மட்டும் கேட்காதே. நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று தலையாட்டிவிட்டு, கடைக்குப் போய் உன் இஷ்டத்துக்குத்தான் வாங்குவாய். எழுதி அனுப்பினால் கடையில் நின்றுகொண்டே எடுத்துப் படிக்கலாம்.

எழுபது யூரோ கொடுத்து, எங்கள் போர்தோ பக்கத்து இனிப்பு ஒயினான சோத்தெர்னில் பெரிய பெயர் போட்டதாக ஒரு பாட்டில் வாங்கப் போகிறேன் என்றாய். சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக லீல் நகரத்துக்கு உன் வீடு தேடி வருகிறார்கள், எல்லோருமாகப் பன்னிரண்டு பேர், குறை வைக்கக் கூடாது என்ற உன் எண்ணம் நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் பார். 75 செண்டிலிட்டர் பாட்டிலைப் பன்னிரண்டு கிளாஸில் ஊற்றினால் ஆளுக்கு 6 செண்டிலிட்டர். இனிப்பு ஒயினுக்கு அந்த அளவு போதும் என்பது உண்மை. ஆனால் அது ஒரே சுற்றோடு தீர்ந்துவிடும். உன் மாமனார் இரண்டாம் முறை கிளாஸை நீட்டினால் காலி பாட்டிலையா காட்டுவாய்? அதே பணத்தில் மூன்று நல்ல பாட்டில் வாங்கலாம், கையில் மிச்சமும் இருக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

இந்த வகை ஒயினின் விலையில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று உழைப்புக்கான கூலி, மற்றது பெயருக்கான விலை. முதல் பங்கில் பேரம் பேசாதே. இரண்டாவதை முடிந்தவரை கொடுக்காதே. போர்தோவில் இத்தனை காலம் ஒயின் கடைக் கல்லாவில் நின்றவள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

கூலி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதில் கொஞ்சம் நானும் வாங்கியிருக்கிறேன். புதுச்சேரியிலிருந்து வந்த புதிதில், கடை வேலை கிடைப்பதற்கு முன்னால், சோத்தெர்ன் பகுதியைச் சேர்ந்த பர்சாக் ஊரில் திராட்சை பறிக்கப் போனேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தோம் என்று நீ கேட்டதில்லை. சிரோன் என்று ஒரு சின்ன ஆறு அங்கே ஓடுகிறது. வழியெல்லாம் மரநிழல், அதனால் தண்ணீர் சில்லென்று இருக்கும். அது கரோன் ஆற்றின் வெதுவெதுப்பான நீரில் போய்க் கலக்கிற இடத்தில், இலையுதிர் காலத்து விடியற்காலையில் மூடுபனி எழும்பும். அந்த ஈரத்தில் போத்ரிட்டிஸ் என்கிற பூஞ்சை திராட்சையில் பிடிக்கும். மதியம் வெயில் வந்து அதைக் காயவைக்கும். பூஞ்சை தோலைத் துளைத்துவிடுவதால் பழத்தின் நீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் உள்ளே திரண்டுகொள்ளும். காலைப் பனி இல்லாவிட்டால் பூஞ்சை வராது. மதிய வெயில் இல்லாவிட்டால் எல்லாம் வெறும் அழுகல்தான்.

இது எல்லா மணியிலும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒரே கொத்தில் ஒரு மணி பொன்னிறமாக முழுசாக இருக்கும். பக்கத்து மணி ஊதா கலந்த பழுப்பாகி, இன்னும் உப்பலாகவே இருக்கும். அதற்கடுத்தது சுருங்கி, மேலே சாம்பல் பூத்தாற்போல் கிடக்கும். அந்தச் சுருங்கியதை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிக் கூடையில் போட வேண்டும். மற்றவற்றை விட்டுவிட்டு, சில நாள் கழித்து அதே கொடிக்குத் திரும்பி வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்போம். வினிகர் வாடை அடித்தால் அது வேறு அழுகல், தரையில் எறிய வேண்டியதுதான். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் நவம்பர் வரை இழுக்கும். எங்களை மேய்த்த அம்மாள் கூடைக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார். ஒரு பச்சை மணி தட்டுப்பட்டாலும் பறித்தவளின் பெயர் தோட்டம் முழுக்கக் கேட்கும்.

இப்படிப் பறித்துப் பிழிந்தால் எவ்வளவு சாறு வரும்? சோத்தெர்ன் சட்டப்படி ஒரு ஹெக்டேரில் 25 ஹெக்டோலிட்டருக்கு, அதாவது 2,500 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. சாதாரண போர்தோ வெள்ளை ஒயினுக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அனுமதி உண்டு. சோத்தெர்ன் தோட்டங்களுக்கான 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் எல்லோருக்கும் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும் ஷத்தோ திக்கெம் தோட்டத்தில், ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் என்று சொல்வார்கள். 2012-இல் பழம் சரியாக அமையவில்லை என்று அந்த வருடம் தங்கள் பெயரில் இனிப்பு ஒயினே வெளியிடாமல் விட்டுவிட்டார்கள். இவ்வளவு பாடுபட்ட பண்டம் ஐந்து யூரோவுக்குக் கிடைக்காது. கிடைத்தால் யாரோ எங்கேயோ எதையோ குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மலிவுச் சரக்கை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை மிச்சமிருக்கிற ஒயின் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்காமல் இருக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். சிவப்பு ஒயினுக்குப் பொதுவாக லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரைதான் அனுமதி. சோத்தெர்ன் போன்றவற்றுக்கு 400 வரை. நல்ல தயாரிப்பாளர் அளவோடு நிறுத்திக்கொள்வார். மோசமானவர் அள்ளிக் கொட்டுவார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் தீக்குச்சி கிழித்த வாடை அடித்தால் அது அந்த ரகம். மலிவான இனிப்பின் மேல் மக்களுக்கு இருந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஐரோப்பா 1985-இல் பார்த்தது. ஆஸ்திரியாவில் சில வியாபாரிகள் ஒயின் இனிப்பாகவும் கெட்டியாகவும் தோன்றுவதற்காக டையெத்திலீன் கிளைக்கால் கலந்து விற்று மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே வந்த சட்டம் மிகக் கடுமையானது. இன்று அந்த நாட்டு நோய்சீட்லர் ஏரிக்கரையிலிருந்து வரும் இனிப்பு ஒயினை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். உங்கள் பக்கத்துக் கடைகளில் அது கிடைப்பது அரிது, அதனால் அதை விட்டுவிடு.

இனி பெயருக்கான விலைக்கு வருகிறேன். பர்சாக்கிலிருந்து கரோனுக்கு அக்கரையில் பார்த்தால் மூன்று ஊர்கள்: லூப்பியாக், சேன்த்-குருவா-து-மோன், காதியாக். அதே செமியோன் திராட்சை, அதே ஆற்றுப் பனி, அதே பூஞ்சை. சேன்த்-குருவாவில் கொடிகளுக்கு அடியில் சிப்பி ஓடுகள் கல்லாகிப் படிந்த அடுக்கே இருக்கிறது. சின்ன வயதில் உன்னை அழைத்துப் போனோம், நீ அங்கே ஒன்றைப் பெயர்த்தெடுக்கப் பார்த்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அக்கரையில் ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர் வரை எடுக்கலாம், அதனால் ஒயின் சற்று இலேசாக இருக்கும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். விருந்தின் முடிவில் வயிறு நிறைந்தவர்களுக்கு இலேசானதுதான் இறங்கும். பதினான்கு, பதினைந்து யூரோவில் நல்ல பாட்டிலே கிடைக்கும். ஆற்றைக் கடந்ததும் விலை பாதிக்குக் கீழே போய்விடுகிறது, இடையில் ஒரே ஒரு பாலம்.

இன்னும் கொஞ்சம் கிழக்கே, பெர்ஜராக்குக்குப் பக்கத்தில் மோன்பாசியாக். முன்பு அதன் பெயர் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. இப்போது கையால் பொறுக்கித்தான் பறிக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் வடக்கே இருக்கிற உங்கள் சூப்பர்மார்க்கெட்டுகளில் அந்தப் பெயரில் அடிமட்டச் சரக்கும் நிறைய வந்து குவியும். தோட்டத்துக்காரரே பாட்டிலில் அடைத்தது என்று லேபிளில் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் வைத்துவிடு.

சோத்தெர்ன் என்ற பெயர் மேஜையில் இருந்தே ஆக வேண்டும் என்று மருமகள் சொன்னால், அதற்கும் வழி இருக்கிறது. பர்சாக்கில் விளைந்ததை பர்சாக் என்றும் விற்கலாம், சோத்தெர்ன் என்றும் விற்கலாம். பர்சாக் என்று மட்டும் போட்டிருப்பதைப் பலர் கண்டுகொள்வதில்லை, நீ கண்டுகொள். பெரிய தோட்டங்கள் தங்கள் முதல் ஒயினில் சேர்க்காததை இரண்டாவது லேபிளில் விடுவார்கள். சுய்திரோவுக்கு காஸ்தெல்னோ என்று ஒன்று, ரியூசெக்குக்கு கார்ம் என்று ஒன்று. அதே கொடி, அதே பறிகாரர்கள். வருடத்தையும் பார்க்க வேண்டும். எல்லோரும் சிவப்பு ஒயினுக்கு நல்ல வருடம் எது என்பதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து அதையே இனிப்புக்கும் கேட்பார்கள். இனிப்புக்கு வேண்டிய வானிலை வேறு. 2007-உம் 2011-உம் சிவப்புக்குச் சுமாரான வருடங்கள். சோத்தெர்னுக்கு அருமையான வருடங்கள். கடையின் பின்வரிசையில் அந்த வருடங்கள் தூசி படிந்து நின்றால் எடுத்துக்கொள். 2012 என்றால் தொடாதே.

ஜுரான்சோன் உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். போ நகரத்துக்கு அருகே, பிரெனே மலையடிவாரம். அங்கே பூஞ்சைக்கு வேலை இல்லை. மலையைத் தாண்டி வருகிற தெற்கத்திக் காற்று ப்தி மான்சான் திராட்சையைக் கொடியிலேயே உலர்த்திவிடும். புளிப்பு தூக்கலாக இருப்பதால் இனிப்பு திகட்டவே திகட்டாது. பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றி பிறந்தபோது குழந்தையின் உதட்டில் பூண்டைத் தேய்த்து ஜுரான்சோனைத் தடவினார்கள் என்று போவில் கதை சொல்வார்கள். நம் ஊரில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதோடு சரி. ஒரு எச்சரிக்கை: லேபிளில் ஜுரான்சோன் என்று மட்டும் இருந்தால்தான் இனிப்பு. பக்கத்தில் 'செக்' என்று இருந்தால் அது இனிப்பில்லாதது. அவசரத்தில் அதை வாங்கிப்போய் மறுநாள் சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

உங்கள் விருந்தின் கடைசியில் சாக்லேட் பூஷ் கேக் வைக்கப் போகிறீர்கள் இல்லையா? அதனோடு சோத்தெர்ன் வகை எதையும் ஊற்றாதே. சாக்லேட்டின் கசப்பு அதை அமுக்கிவிடும், போட்ட காசும் போச்சு. அதற்கு மோரி அல்லது பனியுல்ஸ், ஸ்பெயின் எல்லைப் பக்கத்துச் சிவப்பு இனிப்பு ஒயின். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டிய அவசியம் இல்லாததால்தான் விலை குறைவு, ஏமாற்று எதுவும் இல்லை. பதினைந்து யூரோ போதும்.

அதே பகுதியில் ரிவசால்த் என்றும் ஒன்று உண்டு. இதைப் பற்றி நான் கடையில் ஆட்களைப் பிடித்து நிறுத்திச் சொல்வேன், யாரும் கேட்கமாட்டார்கள். வருடக்கணக்கில் பீப்பாயில் கிடந்து பழுப்பேறிய ரிவசால்த் அம்ப்ரே, வால்நட்டும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை. இருபது வருடத்துக்கும் மேற்பட்ட பாட்டில் முப்பது, நாற்பது யூரோவுக்குள் இன்னும் கிடைக்கிறது. அந்த வயதில் வேறு எந்த ஒயினை அந்த விலைக்குக் கொடுப்பார்கள்? திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் வைத்தாலும் கெடாது. சோத்தெர்ன் வகை ஒரு வாரம் தாங்கும். அப்பா நம் விவிக்கம் கேக்கைத் தொட்டுக்கொண்டு குடிப்பது இதைத்தான். ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழமும் சேர்ந்த அந்தக் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமாக இந்த நாட்டில் வேறொன்றும் நான் கண்டதில்லை. இனிப்பு ஒயின் பலவற்றில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேலேயே சர்க்கரை இருக்கும் என்பதால் அவருக்கு ஒரு சின்ன கிளாஸ்தான் கணக்கு. அவர் போடும் கணக்கு வேறு.

இவ்வளவு நல்ல சரக்கு இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் சந்தோஷமானதில்லை. இனிப்பு ஒயினை இப்போது யாரும் கேட்பதில்லை. சோத்தெர்ன்காரர்களே தோட்டத்தில் ஒரு பகுதியை இனிப்பில்லாத வெள்ளை ஒயினுக்கு ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கடையிலும் ஒரு முழு அலமாரியாக இருந்தது இரண்டு தட்டாகச் சுருங்கிவிட்டது. வாங்குகிறவனுக்கு லாபம், கத்தரிக்கோல் பிடிக்கிறவர்களுக்கு இல்லை.

ஆக, சேன்த்-குருவா இரண்டு பாட்டில், மோரி ஒன்று. நாற்பத்தைந்து யூரோவைத் தாண்டாது. அரை பாட்டில்களைப் பார்த்து மயங்காதே. அதன் விலை பாதியாக இருக்காது, எப்போதும் கொஞ்சம் கூடவே இருக்கும். நீங்கள் இருவர் மட்டும் குடிப்பதென்றால் அது சரி, பன்னிரண்டு பேருக்கு வீண். சேன்த்-குருவாவை எட்டு, பத்து டிகிரியில் வை, ஐஸ் போல ஆக்கிவிடாதே. ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எழும்பாது. ஃபுவா கிரா என்கிற வாத்து ஈரலோடு ஆரம்பத்தில் ஊற்றுவது சம்பந்தி வீட்டு வழக்கம் என்றால் செய், ஆனால் அதற்குப் பிறகு வருகிற இனிப்பில்லாத ஒயின் எல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். என்னைக் கேட்டால் ஒரு பாட்டிலையாவது ரோக்ஃபோர் என்கிற நீலப் பூஞ்சைச் சீஸ் வரும்வரை எடுத்து வை என்பேன். அந்த உப்புக்கு இந்த இனிப்பு அப்படிப் பொருந்தும்.

உன் மாமனார் நீலப் பூஞ்சைச் சீஸ் சாப்பிடுவாரா என்று மருமகளிடம் கேட்டு எழுது. சாப்பிடமாட்டார் என்றால் சேன்த்-குருவாவில் ஒன்றைக் குறைத்து ஜுரான்சோன் வாங்கு, பழத்தோடு ஊற்றலாம். விவிக்கம் கேக்கை அடுத்த திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். அது ஊற வேண்டும், வந்ததும் வெட்டிவிடாதே.

அன்புடன்,
அம்மா