புகார்: ஒரே எடைச் சீட்டு இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது

அனுப்புநர்: செம்பனை ரேம்ப் (குலை வாங்கும் நிலையம்) நடத்துநர், ஊத்தான் மெலிந்தாங், பேராக்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சீட்டைக் கணக்கில் எழுதும் லாம்டா நிரலின் கோளாறும் அதற்கு நீங்கள் அனுப்பிய பில்லும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ரேம்ப்பில் குலை போடும் சிறு தோட்டக்காரர்களின் எடைச் சீட்டு கணக்கில் ஏறவும், அவர்களுக்கு எஸ்எம்எஸ் போகவும் அமேசான் கிளவுடில் நீங்கள் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தீர்கள். எடைமேடைக் கணினி அனுப்பும் சீட்டு எஸ்கியூஎஸ் என்ற அமேசானின் செய்தி வரிசையில் நிற்கும், நிரலை ஓட்டும் லாம்டா சேவை அதை எடுத்துக் கணக்கில் எழுதும். இங்கே மழை பிடித்தால் லைன் போய்விடும், திரும்பியதும் சீட்டுகள் மொத்தமாகக் கொட்டும். அதனால் வரிசை வைத்தது நல்ல யோசனைதான். குறை அதில் இல்லை.

அப்படிக் கொட்டும்போது லாம்டா ஒரு தடவைக்கு 10 சீட்டு வரை எடுக்கிறது. அதில் ஒன்றில் எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிம எண் காலியாக இருந்தால் போதும், உங்கள் நிரல் அங்கேயே விழுந்துவிடுகிறது. அதற்கு முன்னால் இருந்தவை கணக்கில் ஏறியாகிவிட்டன, எஸ்எம்எஸ்ஸும் போய்விட்டது. ஆனாலும் மொத்தமும் தோல்வி என்றாகி, 30 வினாடி கழித்து வரிசை அத்தனையையும் திரும்ப நீட்டுகிறது. நல்ல சீட்டுகள் இரண்டாம் முறை ஏறுகின்றன, சில மூன்றாம் முறையும். கெட்ட சீட்டு மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, கூட அகப்பட்டதையெல்லாம் கெடுக்கிறது. 4 நாள் ஆனதும் வரிசையின் வைப்புக் காலம் முடிந்து சத்தமில்லாமல் அழிந்துபோகிறது. அந்தச் சீட்டுக்காரர் "என் குலைக்குக் காசு எங்கே?" என்று வந்து நின்றால்தான் எங்களுக்கே தெரியும்.

தோட்டக்காரரான ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒரே லோடுக்கு வந்த இரண்டு எஸ்எம்எஸ்ஸையும் எங்கள் கிராணியிடம் (எழுத்தரிடம்) நீட்டி, இரண்டுக்கும் காசு கேட்டார். அவர்மேல் என்ன தப்பு? கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பது சின்ன ஊரில் எவ்வளவு சங்கடம் என்று கோலாலம்பூரில் இருக்கும் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. அடுத்த லோடை வேறு ரேம்ப்பில் போடுவார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஆட்களிடம் கேட்டால், சாதாரண எஸ்கியூஎஸ் வரிசையில் ஒரே செய்தி மறுபடி வருவது இயல்பு என்கிறார்கள். உண்மைதான், அமேசானே அதை எழுதி வைத்திருக்கிறது. அது தெரிந்து கட்டத்தானே உங்களுக்குக் காசு கொடுத்தோம்? சீட்டு எண் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதியிருந்தால் எத்தனை முறை வந்தாலும் கவலையில்லை. விழுந்த சீட்டை மட்டும் திருப்பி அனுப்பும் வசதி 2021 நவம்பரிலிருந்தே லாம்டாவில் உண்டு. அதை நீங்கள் இயக்கவே இல்லை. பல முறை முயன்றும் ஏறாததை ஒதுக்கி வைக்க டெட் லெட்டர் கியூவும் இல்லை. என் மகள் இதே துறையில் இருப்பதால் லாக்கைப் பார்த்துச் சொன்னாள்.

இதற்கு நடுவில் 'கோளாறு ஆய்வு' என்று தனி பில் வேறு. அந்த ஆய்வில் நடந்தது, எடுத்த சீட்டை வரிசை மறைத்து வைக்கும் அந்த 30 வினாடி நேரத்தைக் கூட்டியது மட்டும். அதனால் இரட்டைப் பதிவு நிற்கவில்லை, கொஞ்சம் தாமதித்து வருகிறது.

மேலே சொன்ன மூன்றையும் செய்யுங்கள். ஒதுக்கு வரிசையில் ஒரு சீட்டு விழுந்தாலும் எங்களுக்கு எச்சரிக்கை வர வேண்டும். அங்கே அது 14 நாள் இருக்கட்டும். உரிம எண் இல்லாத சீட்டை வேண்டுமென்றே சோதனை வரிசையில் போட்டு எங்கள் கிராணிக்குக் காட்டிவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். மாதக் கடைசியில் வேண்டாம், அப்போது பணப் பட்டுவாடா இருக்கும். அழிந்த சீட்டுகளை எடைமேடைக் கணினியிலிருந்து எடுத்துத் தருகிறோம்; மறுபடி ஏற்றுவதும், இரட்டையாக ஏறியதை நீக்குவதும் உங்கள் பொறுப்பு.

ஆய்வு பில்லை ரத்து செய்ததாக எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை மாதக் கட்டணத்தை நிறுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ரேம்ப் நடத்துநர்